சம்பந்திக்குக் கொடுத்த சத்துக்குளிசை

1

போன கிழமை, எங்கள் கட்டிடத்தின் மேல்மாடியில் இருக்கும் யோகன் கையில் ஒரு தொங்குதராசோடு வந்தான். கொழும்புக்குப் போகிறானாம். சூட்கேஸில் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஏதும் கொடுத்துவிடுவதென்றால் தாருங்கள் என்றான். வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கைக்கென்று மனைவி மூட்டுநோக் களிம்பும் கல்சியம் குளிசைகளும் வாங்கி வைத்திருந்தாள். யோகன் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, காகிதப் பெட்டிகளைக் கிழித்தெறிந்து, குளிசை அட்டைகளை மட்டும் அடுக்கி இறப்பர் பாண்ட் போடத் தொடங்கினான். பெட்டி என்றால் பாரம், இடமும் பிடிக்கும். பலேர்மோவில் இருந்து ஊருக்குப் போகும் எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம்.

பெட்டியோடு கொண்டுபோ, இல்லாவிட்டால் வைத்துவிட்டுப் போ என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது. யோகன் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தான். அண்ணைக்கு என்ன நடந்தது என்று கேட்கும் பார்வை.

அண்ணைக்கு என்ன நடந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எங்களைத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அவர்கள் கேட்ட கதையில் நான் விமான நிலையத்தில் சட்டையைக் கழற்றி எறிந்ததாக இருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததை மற்றப் பாதிப்பேருக்கும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன்.

2

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு போதும் என்று புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் மூட்டை தூக்கினேன். பிறகு சவூதி, பிறகு கப்பல், பிறகு சைப்பிரஸ், பிறகு இத்தாலி. எந்த நாட்டுக்கும் அங்கே இருந்துவிடும் எண்ணத்தோடு போகவில்லை. பலேர்மோவில் கல்யாணமும் மகளும் வந்ததால் நின்றுபோனேன். எங்கள் ஆட்கள் இங்கே செய்வது பெரும்பாலும் வீட்டு வேலை. நான் மாடிப்படி கழுவினேன், படுக்கையில் கிடக்கும் கிழவர்களைத் தூக்கி இருத்தினேன், ஜன்னல் துடைத்தேன். ஜன்னல் துடைக்கும்போது ஒரு நாள் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டேன்.

இரும்பாணி வைத்தார்கள், எலும்பு பொருந்தியது. நான் எழும்பவில்லை.

வேலைக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த பிறகும் கட்டிலில் கிடந்தேன். சவரம் இல்லை, குளிப்பு இல்லை. மேசையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும். கையை நீட்டி அதை எடுப்பது ஒரு நாள் வேலை மாதிரித் தெரியும். கவலையா என்று மனைவி கேட்டாள். கவலை என்றால் அழுகையாவது வந்திருக்கும். இது ஒன்றும் இல்லாத நிலை. மனைவி முதலில் கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள், பிறகு ஏசினாள், பிறகு குடும்ப டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழி முழுக்கத் துடைக்கிற, கழுவுகிற, தூக்குகிற மொழி. மனதைப் பற்றிச் சொல்ல அதில் சொல் இல்லை. என்ன செய்கிறது என்று டொக்டர் கேட்டபோது, உள்ளே ஷட்டர் எல்லாம் இறுகிப்போயிருக்கிறது, இழுத்தாலும் திறக்கவில்லை, உள்ளே தூசி, கூட்ட ஆள் இல்லை என்றேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு இன்னும் சொல்லு என்றார். அதற்குப் பிறகுதான் குளிசை எழுதினார். விபத்து நட்டஈட்டு அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்கு அந்த அளவு பொறுமை இருக்கவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருக்கிறது, பிறகென்ன என்றாள். எலும்பில் இல்லாத நோய்க்கு வேறு கவுண்டர். அந்தக் கவுண்டரில் கேட்டால், விபத்தில் வந்ததென்றால் முதல் கவுண்டர். இரண்டு கவுண்டருக்கும் நடுவில் நடந்து நடந்துதான் இடுப்புக்கு நல்ல உடற்பயிற்சி கிடைத்தது.

குளிசையின் கதையையும் மறைக்காமல் சொல்கிறேன். தொடக்கத்தில் வயிற்றைப் பிரட்டியது. வாய் காய்ந்தது. நாள் முழுவதும் கொட்டாவி, ஆனால் நித்திரை வரவில்லை. படுக்கை விரிப்பு நனையுமளவுக்கு வேர்த்தது. கணவன் மனைவி உறவு இல்லாமற்போனது. இதை எழுதாமல் விடலாம்தான். விட்டால், இந்தக் குளிசை எடுக்கிற ஆம்பிளை ஒருவன் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பான். இதற்கெல்லாம் கைமாறாக ஷட்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. ஒரு நாள் நானாகவே சவரம் செய்தேன். பிறகு வேலைக்குப் போனேன்.

ஊர் ஆட்களிடம் இடுப்பு நோ என்று மட்டும் சொன்னோம். தங்கைக்கும் அதுதான் தெரியும்.

3

தங்கை வசந்தியின் மகள் தாரணிக்கு எழுத்து என்று செய்தி வந்தது. எழுத்து என்றால் கல்யாணப் பதிவு. தாலி கட்டு பிறகு நடக்கும். வசந்தியின் கணவர் கட்டாரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. தகப்பனுடைய இடத்தில் நின்று, பெண் பகுதிச் சாட்சியாகக் கையெழுத்து வைக்க நான் வேண்டும் என்றாள். தாய்மாமன் அல்லவா. கொஞ்சம் முன்னதாகவே புறப்பட்டேன்.

பலேர்மோ விமான நிலையத்தில் பாரம் கூடிவிட்டது. வழியனுப்ப வந்த மனைவியும் நானும் நிலத்தில் சூட்கேஸைத் திறந்துவைத்து, இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் மாற்றினோம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அந்த அவசரத்தில் என்னுடைய குளிசை அட்டைகள், உறவினருக்கென்று வாங்கிய விற்றமின் பைக்குள்ளே போய்விட்டன. பெட்டி இல்லை, என் பெயர் இல்லை. எல்லாம் இறப்பர் பாண்ட் போட்ட அட்டைகள்.

வெளிநாட்டுச் சூட்கேஸ் வீட்டுக்கு வந்தால் அது திறந்தே ஆகவேண்டும். கொண்டுவந்தவன் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் குளித்துவிட்டுப் படுத்தேன். எழும்பியபோது வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடு முழுவதும் சவர்க்கார வாசமும் சொக்லேற் வாசமும். சூட்கேஸ் வெறுமையாகக் கிடந்தது. சாமான் எல்லாம் போகவேண்டிய இடங்களுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் தாய் அன்று வந்து போயிருந்தாள். கொட்டாஞ்சேனையில் மொண்டிசோரிப் பள்ளிக்கூடம் நடத்தி ஓய்வுபெற்ற விதவை. புவனம்மா என்று பெயர்.

அடுத்த நாள் காலை என் குளிசையைத் தேடினேன்.

"எந்தக் குளிசை? இத்தாலியனில எழுதின வெள்ளை அட்டையளோ? அதைச் சம்பந்தியம்மாக்குக் குடுத்தனான்," என்றாள் வசந்தி. "அதுதான் பார்க்க நல்ல விலையான சாமான் மாதிரி இருந்தது. சத்துக்குளிசை, காலமையில ஒண்டு போடச் சொல்லிக் குடுத்தனான்."

"வசந்தி, அது என்ர மருந்து."

"என்ன மருந்து?"

"மனச்சோர்வுக்கு எடுக்கிறது."

அவள் முதலில் போய்க் குசினி ஜன்னலைச் சாத்தினாள். பிறகுதான் திரும்பினாள்.

"மெல்லக் கதையுங்கோ அண்ணை. மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேட்டவை. சாதகக் குறிப்புப் பார்க்கிறதுக்கு முதலே தரகரிட்டைக் கேட்டு விட்டவை, அந்த மாதிரி வருத்தம் ஆருக்கும் இருக்கோ எண்டு. எங்கட பரம்பரையிலேயே இல்லை எண்டு சத்தியம் பண்ணாக் குறையாச் சொன்னனான்."

'அந்த மாதிரி வருத்தம்' என்றால் கொழும்பில் எல்லோருக்கும் விளங்கும். மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற அங்கொடை என்று ஒரு ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும், அந்த வீட்டுக்குச் சம்பந்தம் பேச ஆள் வராது. வசந்தியின் முடிவு இதுதான்: ஒன்றும் சொல்லக்கூடாது. எனக்கு இங்கே புதிதாக வாங்கலாம். புவனம்மா அந்த அட்டைகளைக் குடித்து முடிக்கட்டும். மருந்துதானே, நஞ்சா.

4

மருந்துக்கடையில் இருந்த முஸ்லிம் தம்பி டொக்டர் எழுதின துண்டு இல்லாமல் தரமுடியாது என்று மரியாதையாகச் சொன்னான். சரிதானே. ஆனால் வெள்ளவத்தையில் எந்த டொக்டரிடமும் போக வசந்தி விடவில்லை. ஒரு இடத்தில் வருகிறவர்களுக்கு இலக்கம் எழுதுகிற பெண் தாரணியோடு படித்தவளாம், இன்னொரு இடத்தில் காத்திருக்கிற கதிரைகளில் எப்போதும் தெரிந்த ஆட்களாம். கடைசியில், தமிழ் ஆட்கள் போகாத இடம் என்று களனியில் ஒரு சிங்கள டொக்டரைக் கண்டுபிடித்தாள். அவர் அடுத்த கிழமைதான் வருவாராம். அதுவரைக்கும் பொறுங்கோ என்றாள்.

குளிசையை நீயாக நிறுத்தாதே என்று பலேர்மோ டொக்டர் சொன்னபோது அது எல்லா டொக்டர்களும் சொல்கிற வழக்கம் என்று நினைத்திருந்தேன். நாள் இரண்டு மூன்று ஒன்றும் தெரியவில்லை. பிறகு, பல் துலக்கிக்கொண்டிருந்தவன் கண்ணைக் கண்ணாடியிலிருந்து கதவுப்பக்கம் திருப்பினேன். தலைக்குள்ளே கரண்ட் அடித்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பழைய சுவிச்சில் ஈரக்கையை வைத்தால் ஒரு வெட்டு வெட்டுமே, அது கையில் இல்லாமல் மூளையில். கண்ணைத் திருப்பும்போதெல்லாம் அடித்தது. நடக்கும்போது நிலம் ஒரு படி கீழே இருந்தது. கப்பலில் வேலை செய்தவன் நான், எனக்கு இப்படி ஒரு தலைசுற்று வந்ததில்லை. காய்ச்சல் இல்லாமல் உடம்பு நடுங்கியது.

அதைவிட மோசமானது கோபம். மின்விசிறி சத்தம் போடுகிறது என்று தாரணியை ஏசினேன். அவள் விசிறியை நிறுத்தினாள். இப்போது புழுக்கம் என்று மறுபடியும் ஏசினேன்.

ஒரு பகல், வீட்டில் இருந்தால் யாரையாவது அடித்துவிடுவேன் என்று பயந்து காலி வீதி என்ற பெருந்தெருவில் பஸ் ஏறினேன். இருக்கை கிடைத்தது. கொண்டக்டர் காசு கேட்டபோது சிங்களம் வரவில்லை. வாயில் இத்தாலியன் வந்தது. அவன் சிரித்துவிட்டு, அங்கிள் எந்த நாடு என்று சிங்களத்தில் கேட்டான். அந்த நேரம் பக்கத்தில் நின்ற ஒரு பெண், அலுவலகத்தால் வருபவள், ஒரு சொல்லும் கேட்காமல் தன் கைப்பையை என் மடியில் வைத்தாள். கொழும்பு பஸ்ஸில் அது வழக்கம்தான். இருப்பவன் நிற்பவரின் பையைப் பிடித்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் வேறு ஊர்களில் யாரும் என் மடியில் பை வைத்ததில்லை. நான் அழத் தொடங்கினேன். மூக்கு வடிய, தோள் குலுங்க. இடுப்பு உடைந்தபோதுகூட அப்படி அழவில்லை. அந்தப் பெண் பையை மெதுவாகத் திருப்பி எடுத்துக்கொண்டு, சுகமில்லையா என்று கேட்டாள். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்த என்னைத் தாரணி பார்த்தாள்.

"மாமா, அம்மா உங்களுக்கு ஜெட்லாக் எண்டு சொன்னவ. கிழமையாகுது. நீங்கள் என்ன சந்திரனால வந்தனீங்களோ?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும், குளிசை யாரிடம் இருக்கிறது என்பதையும். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என் போனை எடுத்து மன்செஸ்டரில் இருக்கும் என் மகளைக் கூப்பிட்டாள்.

மகளுக்கும் எனக்கும் நடக்கிற தமிழ்ப் பேச்சு வருஷா வருஷம் சுருங்கி, சாப்பிட்டியா, குளிரா, சரி வைக்கிறேன் என்ற அளவில் வந்து நின்றிருந்தது. இத்தாலியக் குடியுரிமை கிடைத்ததும் எங்கள் பிள்ளைகள் இங்கிலாந்துக்குப் பறந்துவிடுகிறார்கள். அவள் அங்கே தாதிப் படிப்புப் படிக்கிறாள். அவளுடைய ஆங்கிலம் எனக்கு விளங்காது, என்னுடைய தமிழ் அவளுக்கு அரைகுறை. அன்றைக்கு மூன்று மொழியிலும் ஏசினாள். இப்படி ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, இது பழைய வருத்தம் திரும்பி வந்ததில்லை, உடம்பு மருந்தைத் தேடுகிறது, இன்றைக்கே டொக்டரிடம் போங்கள் என்றாள். பிறகு கேட்டாள், மிச்சக் குளிசையை எடுக்கிற அந்த அம்மா வேறு என்ன மருந்து எடுக்கிறா?

தாரணிக்குத் தெரிந்திருந்தது. இருதயத்துக்காக, இரத்தம் கட்டியாகாமல் இருக்க ஒரு குளிசை.

மகள் அதன் பெயரைக் கேட்டாள். தாரணி சொன்னாள்.

"அப்பா, அவ நிப்பாட்டோணும். டுடே. ரெண்டும் சேந்தா உள்ளுக்கு பிளட் வந்தா நிக்காது."

5

முதலில் பொய்தான் சொன்னோம். வசந்தி காலில் விழாத குறையாகக் கேட்டதால் அதற்கு ஒத்துக்கொண்டேன். அவள் புவனம்மாவுக்கு போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். தந்த குளிசைக்குத் திகதி முடிந்துவிட்டதாம், அண்ணை இப்போதுதான் பார்த்தாராம், தயவுசெய்து எறிந்துவிடுங்கள்.

புவனம்மா சிரித்தாள். "பிள்ளை, வெளிநாட்டுக் குளிசைக்குத் திகதி சும்மா ஒரு பேச்சுக்குப் போடுறது. அதுகள் பழுதாகாது. எனக்கு நல்லா வேலை செய்யுது. உடம்பில சூடு ஏறி வேர்க்குது. பசியும் குறைவு, மெலிவன் எண்டு நினைக்கிறன். நேற்று மூக்காலையும் இரத்தம் வந்தது. கெட்ட இரத்தம் போகட்டும்."

வசந்தி போனை வைத்தாள். முகம் வெளிறிவிட்டது. ஆனாலும், நாளைக்கு வேறு ஏதும் யோசித்துச் சொல்லுவோம் என்றாள். நான் சேர்ட்டைப் போட்டேன்.

"எங்க அண்ணை?"

"கொட்டாஞ்சேனைக்கு."

"நீங்கள் ரெண்டு கிழமையில பிளேன் ஏறிப் போயிடுவியள். இஞ்ச இருக்கப்போறது நானும் என்ர பிள்ளையும்."

அவள் சொன்னதில் பிழை இல்லை. தாரணி எழுந்து போனைத் தட்டி, "த்ரீவீலர் கீழ வந்திட்டுது மாமா," என்றாள்.

நான் பிறந்து வளர்ந்த தெருக்கள் வழியாகத்தான் த்ரீவீலர் போனது. நான் மூட்டை தூக்கி நடந்த சந்துகள், பந்து அடித்துக் கண்ணாடி உடைத்த கோயில் மதில், எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன். கண்ணைத் திருப்பினால் கரண்ட் அடிக்கும்.

புவனம்மா கதிரை தந்து, சோடா ஊற்றித் தந்தாள். மாப்பிள்ளை ரமணன் வேலையால் வந்து உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தான். நான் சோடாவைத் தொடாமல் சொன்னேன்.

"அம்மா, உங்களுக்குத் தந்தது சத்துக்குளிசை இல்லை. அது என்ர மருந்து. மனச்சோர்வுக்கு நான் எடுக்கிறது. தங்கச்சி தெரியாமல் தந்திட்டா. உங்கட இருதயக் குளிசையோட அது சேரக்கூடாது. மூக்கால இரத்தம் வாறது அதாலயா இருக்கும். இப்பவே டொக்டரிட்டைப் போங்கோ."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மொண்டிசோரிப் பிள்ளை காற்சட்டையை நனைத்துக்கொண்டு வந்தால் எப்படிப் பார்த்திருப்பாளோ, அப்படி.

"பைத்தியத்துக்குக் குடுக்கிற குளிசையோ?"

"உங்களுக்கு அப்பிடித் தெரிஞ்சா அப்பிடித்தான். ஒரு கிழமையா நீங்களும் அதைத்தான் குடிச்சனீங்கள்."

உள்ளேயிருந்து ரமணன் சிரித்த சத்தம் கேட்டது. அவன் சிரித்திருக்கக்கூடாது, அவள் முகம் இன்னும் இறுகிப்போனது. ஆனால் அடுத்த நிமிடம் அவனே சேர்ட்டைக் கொழுவிக்கொண்டு வந்து, "அம்மா, செருப்பைப் போடுங்கோ," என்றான்.

போகும்முன் அவள் மிச்ச அட்டைகளைக் கொண்டுவந்து ஒரு தட்டில் வைத்தாள். என் கையில் தரவில்லை. நான் அந்தத் தட்டிலிருந்தே ஒன்றைப் பிரித்து, அவள் ஊற்றித் தந்த சோடாவோடு, அவள் பார்த்துக்கொண்டிருக்க விழுங்கினேன். மகளின் கட்டளைப்படி அங்கிருந்து நேரே எனக்கும் ஒரு டொக்டரைப் பார்த்தேன். வெள்ளவத்தையில்தான். காத்திருக்கிற கதிரைகளில் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். எப்ப வந்தனீங்கள் என்று கேட்டார்கள். சொன்னேன்.

புவனம்மாவுக்கு இரத்தம் சோதித்தார்கள். இரத்தம் அளவுக்கு மிஞ்சி ஐதாகியிருந்ததாம். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரமணன் தாரணிக்குச் சொல்லியிருக்கிறான். அதை இங்கே எழுதவில்லை.

6

இப்போது நான் குளிசையைக் குறைத்துக்கொண்டு வருகிறேன். பலேர்மோ டொக்டர் அதே மருந்தைத் திரவமாக எழுதித் தந்திருக்கிறார். சொட்டுச் சொட்டாகக் குவளைத் தண்ணீரில் விட்டுக் குடிக்கவேண்டும். சொட்டைக் குறைத்தால் சில நாள் கரண்ட் லேசாக அடிக்கும், கனவுகள் கூச்சல் போடும், மனைவி சமையலில் உப்புப் பற்றிக் கேட்டாலும் கோபம் வரும். அது அடங்கும் வரை அதே அளவில் நிற்பேன். பிறகு இன்னொன்று. இரண்டு தரம் பின்னுக்குப் போய்க் கூட்டவேண்டி வந்தது. முழுக்க விடுவேனா என்று தெரியாது. விடமுடியாவிட்டால் விடமாட்டேன், அவ்வளவுதான். இடுப்புக்குள் ஒரு இரும்பாணி இருக்கிறது, அதை எப்போது கழற்றப்போகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இன்னும் அந்தக் குளிசைதானா என்று கேட்பவர்களும், அதை விட்டுவிட்டு யோகாசனம் செய் என்பவர்களும் உண்டு. இந்தக் குறிப்பை வாசித்துவிட்டு யாராவது தன் குளிசையைக் குப்பையில் போட்டால் அவர் நான் எழுதியதை வாசிக்கவில்லை. குளிசை தந்தவரிடம் போய்க் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அவர் கேட்காவிட்டால் கேட்கிற வேறொருவரிடம் போங்கள்.

7

கொழும்புக் கதையின் மிச்சம் இது. விஷயம் தெரிந்த கையோடு தரகர் போன் எடுத்தார். புவனம்மா வீட்டார் சம்பந்தத்தை முறிக்கவில்லை. உயிரைக் காப்பாற்றியதை மறக்கவில்லை என்றும் சொன்னார்களாம். ஒரே ஒரு விஷயம். சாட்சிக்கு வேறு யாரையாவது வைத்துக்கொள்ளட்டாம். மாமா சபையில் இல்லாவிட்டால் நல்லதாம். வந்தவர்கள் கதைப்பார்களாம்.

"ரிக்கெற்றை முன்னுக்கு மாத்தேலாதோ அண்ணை?" என்றாள் வசந்தி. கேட்டுவிட்டு அவளே அழுதாள்.

அவளைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. போவது எனக்குப் பழகிய வேலை. ஜித்தாவிலிருந்து போனேன், லிமாசோலிலிருந்து போனேன், யாருக்கும் சொல்லிக்கொண்டு போனதில்லை. சூட்கேஸைக் கட்டிலுக்குக் கீழே இருந்து இழுத்து, உடுப்புகளை வைக்கத் தொடங்கினேன். தாரணி வந்து மூடியைச் சாத்தி அதன்மேல் உட்கார்ந்தாள்.

"போறதெண்டா இப்பவே சொல்லுங்கோ மாமா. எழுத்து இல்லை எண்டு நான் ரமணனுக்குச் சொல்லவேணும்."

"எனக்காக உன்ர வாழ்க்கையை விடுறியோ? விசர்க்கதை கதையாத."

"உங்களுக்காக ஆர் சொன்னது? நாளைக்கு எனக்கு உப்பிடி வந்தா அந்த வீட்டில என்னை எங்க ஒளிச்சு வைப்பினம் எண்டு எனக்கு இப்பவே தெரியவேணும்."

வசந்தி கதவடியில் நின்று இதைக் கேட்டாள். பிறகு குசினிக்குப் போனாள்.

அதே கேள்வியைத் தாரணி ரமணனிடமும் கேட்டாள். அவன் உடனே வீர வசனம் ஒன்றும் பேசவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றானாம். அவள் அதற்கும் அழுதாள். இரண்டு நாள் போனது. பிறகு ஒரு பின்னேரம் அவன் வெள்ளவத்தைக்கு வந்து, என்னைக் கடற்கரைத் தண்டவாளப் பக்கம் நடக்கக் கூட்டிப்போனான். வேலைக்குப் போவீர்களா, கையை நீட்டுகிற கோபம் வருமா, பிள்ளைகளுக்கும் வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்குத் தெரியாது என்றேன். சாகவேண்டும் என்று நினைத்தீர்களா என்றும் கேட்டான். என் மனைவியைத் தவிர வேறு யாரும் அதுவரை என்னிடம் அதைக் கேட்டதில்லை. ஓம், ஒரு காலம் நினைத்தேன் என்றேன். ரயில் ஒன்று போனது. அது போய் முடியும்வரை இருவரும் நின்றோம்.

"எழுத்துக்கு அம்மா வராமல் விட்டா?" என்றான்.

"அது உங்கட வீட்டுப் பிரச்சினை தம்பி. நான் வருவன்."

8

எழுத்து வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக்கடையின் மேல்மாடி மண்டபத்தில் நடந்தது. புவனம்மா வந்தாள். தன் தமையனையும் கூட்டிக்கொண்டு, பிந்தி வந்து, முன்வரிசையில் மகனுக்குப் பக்கத்தில் இருந்தாள். எனக்கு வணக்கம் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வசந்தி பட்டுச்சேலையில், ஒரு கண் என்மேலும் ஒரு கண் அவள்மேலுமாக நின்றாள்.

பதிவாளர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். மாப்பிள்ளை கையெழுத்து வைத்தார், பொம்பிளை வைத்தாள், மாப்பிள்ளை பகுதிச் சாட்சி வைத்தார். பொம்பிளை பகுதிச் சாட்சி யார் என்று கேட்டார். நான் எழுந்தேன்.

"இவரோ அந்தக் குளிசைக்காரர்?" என்று புவனம்மாவின் தமையன் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். மெல்லக் கேட்கத்தான் நினைத்திருப்பார். காது மந்தமானவர், குரல் மண்டபத்தின் கடைசிக் கதிரைவரை போனது. கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ரமணன் தலையைத் திருப்பித் தாயைப் பார்த்தான். அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நடந்துபோய் அந்தப் பெரியவருக்கு முன்னால் நின்றேன்.

"ஓம் ஐயா, நான்தான். இண்டைக்குக் காலமையும் போட்டிட்டுத்தான் வந்தனான்."

அவர் என்னை விட்டுவிட்டுப் பதிவாளரிடம் கேட்டார், இப்படியான ஆள் சாட்சி வைக்கலாமோ, சட்டத்தில் இடமிருக்கோ என்று.

பதிவாளருக்கு அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கல்யாணம் இருந்தது. "எனக்கு வேண்டியது அடையாள அட்டை இல்லாட்டிப் பாஸ்போட். இருக்கோ?" என்றார்.

"இருக்கு."

கொடுத்தேன். அவர் படத்தையும் என்னையும் பார்த்தார், இலக்கத்தை எழுதினார், புத்தகத்தை என் பக்கம் திருப்பி விரலால் இடத்தைக் காட்டினார். வசந்தி எனக்குப் பின்னால் வந்து நின்றாள். அவளுடைய சேலை உரசிய சத்தத்தில்தான் தெரிந்தது. நான் பேனையை வாங்கி, சுருக்கொப்பம் வைக்காமல், தகப்பன் பெயரோடு என் பெயரை முழுதாக எழுதினேன்.